லோங்ச்சுவான் தாய்ச்சி வாள்: அலகு அருமை, குமிழ் சரியில்லை

வெறுங்கைப் படிவம் (வரிசையாகச் செய்யும் அசைவுகள்) ஓரளவு கைவந்ததும், தாய்ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையைப் பழகுகிறவர்கள் அடுத்துத் தேடுவது வாளைத்தான். இங்கே எடுத்துக்கொண்டது சீனாவின் ச்செஜியாங் மாகாணத்தில் உள்ள லோங்ச்சுவான் ஊர்த் தயாரிப்பு. இருபுறமும் விளிம்புள்ள நேர்வாள்; சீனத்தில் 'ஜியென்' என்பார்கள். கூர் தீட்டாதது, நடுத்தர விறைப்பு. ஸ்பிரிங் ஸ்டீல் அலகு 28 அங்குலம், உறை நீங்கலாக எடை 680 கிராம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஊரின் வாள் வடிக்கும் கலை 2006இல் சீனாவின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. ஆனால் பட்டறையில் அடித்த வாளும் இயந்திரம் வெட்டித் தள்ளும் வாளும் அதே ஊர்ப் பெயரோடுதான் விற்பனைக்கு வருகின்றன. அலகில் சப்தரிஷி மண்டலம் போல ஏழு புள்ளிகள் பதித்திருப்பார்கள். பார்க்க அழகு, அவ்வளவுதான். மடித்து அடித்த எஃகின் வரிகள் என்று காட்டுவதும் பல வாள்களில் அமிலத்தால் வரைந்த கோலமே. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

இந்த வாளின் பலம் அலகு. நுனியை மரத்தரையில் ஊன்றி லேசாக அழுத்தினால், வளைவு நுனிப்பக்க மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே நிற்கிறது. கையை எடுத்ததும் நேராகிவிடுகிறது. விளிம்பை ஒரு கண்ணால் நூல் பிடித்துப் பார்த்தாலும் கோணல் இல்லை. நடுவிலேயே வளைகிற அலகையும், வளைந்தபடி நிற்கிற அலகையும் திருப்பி அனுப்பிவிடுங்கள்: முன்னது மெலிவு, பின்னது எஃகைச் சரியாகப் பதப்படுத்தாத குறை. போட்டி வூஷூவுக்கான (மேடையில் செய்துகாட்டும் சீனத் தற்காப்புக் கலை) மெல்லிய தகட்டு வாள் லேசாக உதறினாலே சடசடவென்று சத்தம் போடும். இடுப்பிலிருந்து விசை வராமல் மணிக்கட்டு மட்டும் ஆடினாலும் அதே சத்தம்தான். தாய்ச்சி போல உடலின் உள்ளிருந்து விசையை எழுப்பும் உள்விசைக் கலைக்கு அது பொய் சொல்லும் வாள். நடுத்தர விறைப்பில் விசை நுனிவரை போனதா, தோளிலேயே தங்கிவிட்டதா என்று உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.

நீளத்தை உயர அட்டவணை பார்த்து முடிவு செய்யாதீர்கள். இடக்கையைத் தொங்கவிட்டு, வாளைத் தலைகீழாகப் பிடித்து அலகைக் கைக்குப் பின்னால் நிறுத்துங்கள். நுனி காதின் மேல்விளிம்புக்குக் கீழே இருக்கக் கூடாது; போட்டி விதியும் இதுதான். எடைக்கும் விதி உண்டு: கைப்பிடியின் கடைசியில் தொங்கும் குஞ்சத்தோடு சேர்த்து ஆண்களுக்கு 600 கிராமுக்கும் பெண்களுக்கு 500 கிராமுக்கும் குறையக் கூடாது.

எடையைவிட முக்கியம் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. அலகை ஒரு விரல்மேல் வைத்துப் பார்த்தால், இந்த வாள் கைக்காப்பிலிருந்து (அலகுக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள தடுப்பு) 13 செ.மீ. தள்ளிச் சமநிலைக்கு வருகிறது. நல்ல இடம். 18, 20 என்று நுனிப்பக்கம் நகர்ந்திருந்தால் 'தியென்' என்ற கொத்தும் அசைவைச் செய்யும்போது மணிக்கட்டு வலிக்கத் தொடங்கும். 1957இல் தாய்ச்சியின் யாங் பாணியிலிருந்து தொகுத்த 32 அசைவுப் படிவத்தின் முதல் அசைவே அதுதான்: கால்களைச் சேர்த்து நின்று, மணிக்கட்டை உயர்த்தி, கோழி கொத்துவது போல நுனியைக் கீழே இறக்குவது. இதற்குப் பிடி தளர்வாக இருக்க வேண்டும். நுனி கனத்தால் ஐந்து விரலும் இறுகிக்கொள்ளும், தோள் தூக்கிக்கொள்ளும். கைப்பிடி நீள்வட்டமாக இருப்பதால் விளிம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்காமலே தெரிகிறது. உருளைக் கைப்பிடியில் இது நடக்காது.

இனி குறை. கைக்காப்பும், கைப்பிடியின் கடைசியில் உள்ள குமிழும் பித்தளை நிறம் பூசிய துத்தநாகக் கலவை. கல்தரையில் ஒருமுறை விழுந்தால் விரிசல் விடலாம். அதைவிட மோசம், சில நாள் பயிற்சியிலேயே குமிழ் தளர்ந்து 'டக் டக்' என்கிறது. அலகின் அடிப்பகுதி கம்பியாகக் கைப்பிடிக்குள் ஓடி, கடைசியில் மரையில் குமிழைப் பிடிக்கிறது. குமிழைக் கழற்றி, மரையில் கழற்றக்கூடிய வகைப் பசையை ஒரு சொட்டு விட்டு இறுக்கினால் சரியாகும். கழற்றும்போதே உள்ளே பாருங்கள்: அலகும் கம்பியும் ஒரே எஃகா, பற்றவைத்ததா? மெல்லிய கம்பியை ஒட்டவைத்த வாளை உதறவே உதறாதீர்கள். ஒட்டு விட்டால் அலகு எதிரே நிற்பவர்மேல் பாயும். இந்த வாளில் ஒரே எஃகுதான், தப்பித்தது.

மர உறை மழைக்காலத்தில் ஊறி வாயில் இறுகும். இழுத்து மல்லுக்கட்டாமல், வாயின் உட்புறத்தை 400 எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, மெழுகுவர்த்தியைத் தடவுங்கள். உறைக்குள் எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து அலகில் கீறல் விழும். பழகி முடித்ததும் வியர்வையைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு தடவினால் போதும். துடைக்காமல் உறையில் செருகினால் கடலோர ஊர்களில் துருப்புள்ளி விழ நாளாகாது. வீட்டுக்குள் பழகுகிறவர்கள் மின்விசிறியை நிறுத்தத் தவற வேண்டாம்.

கூடவே வரும் சிவப்புக் குஞ்சத்தைப் புதியவர்கள் கழற்றி வைக்கலாம். மணிக்கட்டைச் சுழற்றும் அசைவுகளில் அது கையைச் சுற்றிக்கொள்ளும். அதை விலக்கவே கவனம் போய்விடும். கழற்றியதும் சமநிலை சற்று நுனிப்பக்கம் நகரும்.