மங்குக்கு எந்த மருந்து? ஐந்து வழிகளின் ஒப்பீடு

கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டுக்கு மேலும், இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே வடிவில் படரும் பழுப்புத் திட்டுகளை நம் வீடுகளில் மங்கு என்கிறோம். தோல் மருத்துவர்கள் மெலாஸ்மா என்று குறிப்பிடுகிறார்கள். பரு ஆறிய இடத்தில் நிற்கும் கரும்புள்ளியும், கழுத்து மடிப்பு தடித்துக் கறுப்பதும் இதனோடு சேர்த்துப் பேசப்பட்டாலும் அவை வேறு. பருவைக் கட்டுப்படுத்திவிட்டால் அதன் தழும்புக் கருமை பெரும்பாலும் சில மாதங்களில் தானே குறையத் தொடங்கும். கழுத்துக் கருமை பல நேரங்களில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் என்பதால், அதற்குக் களிம்பு தேடும் முன் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதிப்பதே முறை. மங்கு இவ்விரண்டையும் விடப் பிடிவாதமானது; கருத்தரிப்பு, கருத்தடை மாத்திரை, குடும்ப வாகு, வெயில் ஆகியவை சேர்ந்து நிறமிச் செல்களைத் தூண்டிவிடுவதால், குறைந்த பிறகும் திரும்பி வரும் இயல்புடையது. ஆகவே ஒரு மருந்து எத்தனை நாளில் திட்டைக் குறைக்கிறது என்பதைவிட, அதை நிறுத்திய பின் முகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்று நான் கருதுகிறேன். கீழுள்ள ஒப்பீடு அந்த அளவுகோலில்தான் நடக்கிறது.

முதலில் ஹைட்ரோகுவினோன். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதற்குத் தேவையான டைரோசினேஸ் என்ற நொதியை இது தடுக்கிறது. பொதுவாக 2 முதல் 4 சதவீத அளவில் இரவில் மட்டும் பூசப்படுகிறது. 8 முதல் 12 வாரங்களில் மாற்றம் தெரியும். நெடுங்காலமாக மற்ற மருந்துகளை இதனோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் மருத்துவர் சொன்ன சில மாதங்களைத் தாண்டி ஆண்டுக்கணக்கில் பூசினால், ஓக்ரோனோசிஸ் எனப்படும் நீலம் கலந்த கருமை தோலின் ஆழத்தில் படியக்கூடும். அது வந்த பின் நீக்குவது மிகக் கடினம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தோலை வெளுக்கச் செய்யும் அழகுப் பொருட்களில் இதைச் சேர்க்க அனுமதி இல்லை. அமெரிக்காவிலும் 2020 முதல் மருத்துவர் சீட்டின்றி விற்க இடமில்லை.

அசெலாயிக் அமிலம் இதற்கு நேரடிப் போட்டி. 1991-இல் வெளியான 24 வார ஆய்வு ஒன்றில், 20 சதவீத அசெலாயிக் அமிலம் 4 சதவீத ஹைட்ரோகுவினோனுக்கு ஏறத்தாழ இணையான பலனைத் தந்தது. மெதுவாக வேலை செய்யும். முதல் சில வாரங்கள் அரிப்பும் குறுகுறுப்பும் இருக்கும். பலர் இந்தக் கட்டத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். பொறுத்துக்கொள்பவர்களுக்கு இதன் நன்மை பெரிது: ஓக்ரோனோசிஸ் அச்சம் இல்லை, பருவையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும், மருத்துவர் மேற்பார்வையில் கருவுற்ற காலத்திலும் பயன்படுத்த ஏற்றதாகக் கருதப்படுகிறது. பிள்ளைப்பேற்றை ஒட்டியே மங்கு விழும் பெண்கள் ஏராளம் என்பதால், இந்தக் கடைசித் தகுதி ஒன்றே எனக்கு இதை முன்வரிசையில் வைக்கப் போதுமானது.

மூன்றாவது வழி, ஹைட்ரோகுவினோன், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த டிரெட்டினாயின், அழற்சியைத் தணிக்கும் ஒரு ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் கலந்த களிம்பு. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 1975-இல் கிளிக்மன், வில்லிஸ் என்ற இரு மருத்துவர்கள் வெளியிட்ட கலவையின் வழித்தோன்றல் இது. களிம்புகளுள் மிக வேகமாகப் பலன் தருவதும் இதுவே; அமெரிக்காவில் 2002-இல் அனுமதிக்கப்பட்ட கலவையில் வீரியம் குறைந்த ஃபுளூசினோலோன் என்ற ஸ்டீராய்டு 0.01 சதவீதம் மட்டுமே இருந்தது, அதுவும் 8 வாரங்களுக்கு மட்டும். நம் நாட்டு மருந்துக் கடைகளில் பெருமளவு விற்றதோ, அந்த இடத்தில் அதைவிட வீரியமான மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு சேர்த்த கலவை. ஒரு முறை மருத்துவர் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டோ, பக்கத்து வீட்டார் சொன்ன பெயரைக் கேட்டோ வாங்கிச் சிவப்பழகுக் களிம்பாகவே மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் பூசுகிறார்கள். முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆவது உண்மை. அதன் பின் தோல் மெலிகிறது, இரத்த நாளங்கள் வெளியே தெரிகின்றன, பரு வெடிக்கிறது, பெண்களுக்கு முகத்தில் முடி வளர்கிறது. நிறுத்தினாலோ எரிச்சலும் சிவப்பும் தாங்க முடியாமல் மீண்டும் அதே குழாயைத் தேட வைக்கிறது. இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கென்றே ஸ்டீராய்டால் சிதைந்த முகம் என்று பொருள்படும் தனிப் பெயர் வைக்க நேர்ந்தது. ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. மருத்துவர் நாள் குறித்துக் கொடுத்து, அந்த நாளில் நிறுத்தவும் சொன்னால் இந்தக் கலவை பயனுள்ள மருந்து. முடிவுநாள் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது.

நான்காவதாக டிரானெக்சாமிக் அமிலம். மாதவிடாயில் உதிரப்போக்கு மிகும்போது கொடுக்கும் அதே மாத்திரைதான். மங்குக்கு அதைவிட மிகக் குறைந்த அளவில், பெரும்பாலும் 250 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை, சில மாதங்கள் தருகிறார்கள். களிம்புக்கு அசையாத திட்டுகளில்கூட இது பலன் தருகிறது என்பது இதன் சிறப்பு. இரத்தம் உறைவது தொடர்பான மருந்து என்பதால், காலில் இரத்தக் கட்டியோ பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்களும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். தானாக வாங்கி விழுங்கும் மருந்து அல்லவே அல்ல. நிறுத்திய சில மாதங்களில் பலருக்கு மங்கு திரும்புகிறது.

லேசர் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். செலவு அதிகம், மங்கு திரும்புவது சாதாரணம், நம்முடைய மாநிறத் தோலில் சூடே புதிய கருமையையோ வெண்புள்ளிகளையோ உண்டாக்கிவிடலாம். மற்ற வழிகள் பலிக்காதபோது, அனுபவமுள்ள தோல் மருத்துவரிடம் மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டியது.

வீட்டு வைத்தியத்தில் ஜாதிக்காயை இழைத்துப் பூசுவது நெடுநாள் வழக்கம். எரிச்சல் கண்டால் உடனே நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் மாநிறத் தோலில் எரிச்சலே கருமையாக முடியும். எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போவதை நான் முற்றிலும் மறுக்கிறேன். அதிலுள்ள சோராலென் என்ற வேதிப்பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைப் புண்ணாக்கிக் கறுக்க வைக்கும்.

இந்த ஐந்தில் எதைத் தேர்ந்தாலும் வெயில் காப்புக் களிம்பு இல்லாவிட்டால் பணம் வீண். புற ஊதாக் கதிர் மட்டுமல்லாமல், கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் நிறத் தோலில் மங்கைக் கூட்டுகிறது. வெள்ளையாக இருக்கும் சாதாரணக் களிம்புகள் அந்த ஒளியை அவ்வளவாகத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறச் சாயலுள்ள களிம்பே ஏற்றது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்து முகம், கழுத்து முழுதும் பூசி, வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். பேருந்தில் சன்னலோரம் அமர்பவர்களுக்கும் இது பொருந்தும். நீள அலைப் புற ஊதாக் கதிர் சாதாரணக் கண்ணாடியைக் கடந்து வரும்.

என்னிடம் ஒருவர் வரிசை கேட்டால், வெயில் காப்புக் களிம்போடு அசெலாயிக் அமிலத்தை ஆறு மாதம் பொறுமையாகப் பூசச் சொல்வேன். போதாவிட்டால் மருத்துவர் கண்காணிப்பில் மூன்று மாத ஹைட்ரோகுவினோன். அதற்கும் அசையாவிட்டால், இரத்தம் உறையும் சிக்கல் இல்லாதவர்களுக்கு மாத்திரை. மூன்று மருந்துக் கலவை ஏற்கெனவே வீட்டில் இருந்தால், குழாயின் மேல் மொமெட்டசோன் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல மாதமாகப் பூசி வந்திருந்தால் ஒரே நாளில் விட்டுவிடாமல், அந்தக் குழாயையே எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். படிப்படியாக விடும் முறையை அவர் வகுத்துத் தருவார்.