ஆயில் கசிவுக்கு என்ஜினை இறக்கணும்னு சொன்னா, முதல்ல வண்டியைக் கழுவச் சொல்லுங்க

காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் ஸ்பிளெண்டர் பைக் வைத்திருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. நடந்ததையும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் மட்டும் சொல்கிறோம். இதே வித்தையை வேறு கடைகளிலும் காட்டுகிறார்கள்.

கானாடுகாத்தான் பெரியவர் ஒருவருடைய வண்டி. இடது பக்கம், செயின் கவருக்கு முன்னால் கீழே ஆயில் சொட்டு. கடையில் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கிராங்க் சீல் போயிருச்சுங்கய்யா. என்ஜினை இறக்கித்தான் ஆகணும். இறக்குறப்பவே பிஸ்டன், ரிங்கையும் மாத்திருவோம், திரும்பச் செலவு வராது" என்றிருக்கிறார்கள். (கிராங்க் சீல் என்பது என்ஜினின் சுழல் தண்டைச் சுற்றி ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்.) ஏழாயிரத்துச் சொச்சம் வாங்கினார்கள். பில் கிடையாது, துண்டுச்சீட்டுதான். பழைய சாமானைக் கேட்டதற்கு "தூக்கிப் போட்டாச்சு" என்று பதில். ஒரு வாரத்தில் அதே இடத்தில் அதே சொட்டு.

பிறகு எங்களிடம் வந்த வண்டியைப் பார்த்ததும் முதலில் கண்ணில் பட்டது என்ஜின் மவுண்டிங் போல்ட்டுகள். செம்மண் புழுதி கெட்டித்து அப்பியபடி, ஸ்பேனர் பட்ட தடமே இல்லாமல் இருந்தன. அதைக் கழற்றாமல் என்ஜின் கீழே வராது. அடுத்து, சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் தெரியும் பேக்கிங் (இணைப்பில் கசியாமல் இருக்க வைக்கும் தகடு) விளிம்பு. புதிதாகப் போட்டிருந்தால் விளிம்பு சுத்தமாகத் தெரியும். இதில் கருகிப்போன பழைய பேக்கிங். ஹெட்டைக் கழற்றாமல் பிஸ்டனை எப்படி மாற்றினார்கள் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். உண்மையில் அவர்கள் கைவைத்தது வலது பக்கக் கிளட்ச் கவரிலும், அடியில் ஆயிலை இறக்கும் ட்ரெயின் போல்ட்டிலும் மட்டும். இரண்டையும் கெடுத்துவைத்திருந்தார்கள்.

கசிவு எங்கிருந்து என்பதைப் பார்ப்போம். சொட்டும் இடத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. மேலே கசிந்தது வழிந்து வந்து கீழே தாழ்வான போல்ட்டில் சொட்டும். ஓட்டும்போது காற்று அதைப் பின்னால் தள்ளிவிடும். டீசலும் பிரஷ்ஷும் போட்டு என்ஜின் முழுக்கக் கழுவி, துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு சந்தேகமான இடங்களில் சாதாரண முகப்பவுடரைத் தூவி, நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி என்ஜினைச் சூடாக்கி நிறுத்துங்கள். பவுடரில் ஈரக்கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டின் மேல் நுனிதான் கசியும் இடம். (வீட்டு முகப்பில் ஆத்தங்குடி கல் மேல் நிறுத்துபவர்கள் அடியில் அட்டை போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கல்லில் ஊறிய ஆயில் லேசில் போகாது.) செயினுக்கு அடித்த ஆயிலும் கிரீஸும் கவருக்குள் சேர்ந்து கறுப்பாக வழிவதையே கசிவு என்று காட்டுபவர்களும் உண்டு. அது பிசுபிசுப்பாக, கெட்டியாக இருக்கும். என்ஜின் ஆயில் நீர்க்க வரும்.

இந்த வண்டியில் ஈரக்கோடு ஆரம்பித்தது கியர் லிவர் மாட்டும் ஷாஃப்டைச் சுற்றி. நூறு ரூபாய்கூட ஆகாத ரப்பர் சீல். அதை மாற்ற என்ஜினைத் தொடவே வேண்டாம். வண்டியை வலது பக்கம் சாய்த்து வையுங்கள், அல்லது ஆயிலை இறக்கிவிடுங்கள். லிவரின் 10 நம்பர் போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுதாக உருவ வேண்டும். அது ஷாஃப்ட் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும், உருவாமல் அடித்தால் ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் நுனியில் இருக்கும் பல் வரிசை) கெடும். இடது பக்கக் கவரைக் கழற்றிச் சுற்றிலும் சுத்தம் செய்துவிட்டு, பழைய சீலைக் கொக்கியால் நெம்பி எடுங்கள். ஷாஃப்டில் கீறல் விழக் கூடாது. விழுந்தால் எத்தனை சீல் போட்டாலும் கசியும். புதுச் சீலின் உதட்டில் ஆயில் தடவி, ஸ்ப்ளைன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு நுழைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்ப்ளைன் பல்லே உதட்டைக் கிழித்துவிடும். ஸ்பிரிங் தெரியும் பக்கம் உள்ளே போக வேண்டும். சீலின் வெளி அளவுக்குச் சரியான சாக்கெட்டை வைத்து, கோணாமல் மெதுவாகத் தட்டுங்கள். மாட்டும் முன் ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அதிகம் என்றால் சீல் மட்டும் போதாது.

பக்கத்திலேயே செயின் ஓடும் முன் ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சீலும் வெளியிலிருந்து மாற்றக்கூடியதே. கிராங்க் சீல்தான் போயிருந்தாலும், இந்த வண்டியில் அது மேக்னெட்டுக்கு (மின்சாரம் உண்டாக்கும் காந்தச் சக்கரம்) பின்னால் இருக்கிறது. புல்லர் என்ற இழுப்பான் போட்டு மேக்னெட்டை எடுத்தால் போதும், என்ஜினைப் பிளக்க வேண்டியதில்லை.

இனி அவர்கள் கெடுத்தவை. கிளட்ச் கவரில் பேக்கிங்கே இல்லை, முழுக்க சிலிகான் பேஸ்ட். வெளியே பிதுங்கியதைப் பார்த்தால், உள்ளேயும் அதே அளவு பிதுங்கியிருக்கும் என்று அர்த்தம். சூட்டில் அது பிய்ந்து ஆயிலில் மிதந்து, கவருக்கு உள்ளே அடியில் இருக்கும் வலையில் போய் அடைக்கும். பம்ப்புக்கு ஆயில் குறைந்தால் முதலில் அடிபடுவது ஹெட்டில் வால்வை இயக்கும் கேமும் ராக்கரும்தான். முறையான வேலை: புதுப் பேக்கிங், கவரைச் சரியாக உட்காரவைக்கும் டவல் பின்கள் இரண்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று சுற்றில் இறுக்குவது. 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். நீளம் வேறுபடும் என்பதால் கழற்றும்போதே அட்டையில் கவர் படம் போட்டு, அந்தந்த இடத்தில் குத்தி வைக்க வேண்டும். இங்கே நீள போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் குட்டை போல்ட்டைப் போட்டு இறுக்கி, அலுமினிய மரையை உரித்திருந்தார்கள்.

ட்ரெயின் போல்ட் கதையும் அதேதான். நீளமான கைப்பிடியால் முறுக்கி மரை போனதும், டெஃப்லான் டேப் சுற்றி, மேலே எம்சீல் பூசிவிட்டார்கள். அடுத்த ஆயில் மாற்றும்போது அது கையோடு வரும். லேத்தில் கொடுத்து ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாக உள்ளே திருகும் கம்பிச்சுருள்) போடுவதுதான் சரி. வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும்.

ஆயிலையும் ஒரு லிட்டர் பாட்டில் முழுதாகக் கவிழ்த்திருந்தார்கள். இந்த வண்டிக்கு விற்பது 900 மில்லி 10டபிள்யூ30 ரக ஆயில். அளவு கூடினால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல்கூட ஈரமாகும். என்ஜினுக்குள் சேரும் காற்றை வெளிவிடும் பிரீதர் வழியாக ஏர் ஃபில்டருக்குள்ளும் போகும். சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, மேலும் மூன்று நிமிடம் கழித்துப் பாருங்கள். ஆயில் அளவு பார்க்கும் குச்சியைத் திருகாமல் சும்மா வைத்து எடுக்க வேண்டும். பிரீதர் குழாயையும் கழற்றி ஊதிப் பார்ப்பது நல்லது. நின்ற வண்டியில் குளவி மண் வைத்து அடைத்துவிடும்.

பிஸ்டன் வேலை எல்லாமே ஏமாற்று என்று சொல்லவில்லை. நீலப் புகை, ஆயில் குறைந்துகொண்டே போவது, கிராங்க் பேரிங் சத்தம், நடுக் கேஸ் இணைப்பிலேயே கசிவு: இவை இருந்தால் திறக்கத்தான் வேண்டும். அதற்கும் முன்னால் கசியும் இடத்தைப் பவுடரில் காட்டச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மவுண்டிங் போல்ட், ஹெட் நட்டு, ட்ரெயின் போல்ட் ஆகியவற்றின் மேல் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்துவிட்டு வண்டியை விடுங்கள். கழற்றினால் பூச்சு உடையும், கழற்றாவிட்டால் அப்படியே இருக்கும். பழைய சாமான் வேண்டும் என்பதை விடும்போதே சொல்லிவிடுங்கள். மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள்.

பணம் போனவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பில் இல்லாதபோது ஜிபேயில் அனுப்பிய பதிவும், துண்டுச்சீட்டின் படமும், எழுத்தில் கேட்ட வாட்ஸ்அப் செய்தியும் கைகொடுக்கும். வண்டியை வேறு இடத்தில் பிரிக்கும் முன்பே எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிடுங்கள். பிரித்த பிறகு "நாங்க போட்டதை அவங்க மாத்திட்டாங்க" என்பார்கள்.

பெரியவரின் வண்டியில் கியர் சீல் பக்கம் இப்போது காய்ந்து கிடக்கிறது. கிளட்ச் கவரைத் திறந்து வலையைச் சுத்தம் செய்து, புதுப் பேக்கிங் போட்டாயிற்று. ட்ரெயின் மரைக்காக வண்டி லேத்தில் இருக்கிறது.