அகாகேரா: கிகாலியில் ‘ஒருநாள் பிக் ஃபைவ்’ விற்றால் வாங்காதீர்கள்

ருவாண்டா போகிறவர்களில் பலர் கொரில்லா பார்க்கத்தான் போகிறார்கள். கையில் ஒருநாள் மிஞ்சினால் கிழக்கே தான்சானியா எல்லையில் இருக்கும் அகாகேரா தேசியப் பூங்காவையும் சேர்த்துக்கொள்கிறார்கள். தலைநகர் கிகாலியில் சில முகவர்கள் அந்த ஒருநாளைக் குறிவைத்தே கடை விரித்திருக்கிறார்கள். எங்கள் தலையில் கட்டப்பட்ட திட்டம் இதுதான்:

“காலை 7 மணிக்கு ஹோட்டலில் பிக்கப். கைடுடன் முழுநாள் சஃபாரி, தெற்கு வாயில் முதல் வடக்குச் சமவெளி வரை. பிக் ஃபைவ் உறுதி. மாலை இஹேமா ஏரியில் படகு. கூரை திறக்கும் லேண்ட் க்ரூசர். எல்லாக் கட்டணமும் அடக்கம். இரவு கிகாலி.”

(பிக் ஃபைவ் என்றால் சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம்.) படிக்க அழகாக இருக்கிறது. வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் ஒரு வரிகூடத் தேறாது.

முதலில் நேரம். கிகாலியிலிருந்து கயோன்சா, கபரோண்டோ வழியாகத் தெற்கு வாயிலுக்கு வழியில் நிற்காமல் போனாலே இரண்டரை மணி நேரம். (ஊரின் பெயர் கயோன்சா, வாயிலின் பெயர் கியோன்சா. இரண்டும் வேறு.) 7 மணி பிக்கப் என்றால் உங்களை ஏற்றுவது மட்டுமல்ல. இன்னும் இரண்டு ஹோட்டல், ஒரு பெட்ரோல் பங்க், தண்ணீர் வாங்க ஒரு கடை எல்லாம் அதற்குள் வரும். வாயிலில் பதிவு முடிந்து நாங்கள் உள்ளே நுழைந்தபோது மணி பத்தே முக்கால். பூங்கா காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் என்பதால் ஆண்டு முழுக்கச் சூரியன் உதிப்பதும் ஏறக்குறைய அந்த நேரம்தான். விலங்கு நடமாடும் முதல் நான்கு மணி நேரமும் சாலையிலேயே போய்விட்டது. பதினொரு மணி வெயிலில் சிங்கம் புதருக்கு அடியில் படுத்திருக்கும். பத்தடி தள்ளி வண்டி போனாலும் கண்ணில் படாது. கட்டணமோ ஆறு மணிக்கு நுழைந்தவருக்கும் உங்களுக்கும் ஒன்றே.

அடுத்தது திசை. ஏமாற்று எல்லாம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அகாகேரா வடக்கு தெற்காக நீண்ட பூங்கா. நுழைவது தெற்கே கியோன்சா வாயிலில், வெளியேறுவது வடக்கே நியுங்வே வாயிலில். இடையில் இருக்கும் பாதையை விலங்கு பார்த்துக்கொண்டே கடக்க ஆறு, ஏழு மணி நேரம் வேண்டும். தெற்குப் பகுதி அடர்ந்த வேலமரக் காடு, ஏரிக்கரை. அங்கே நீர்யானை, முதலை, பபூன், இம்பாலா பார்க்கலாம், பறவைக்கும் குறைவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி விரிந்து, வரிக்குதிரையும் டோபி மானும் ஒட்டகச்சிவிங்கியும் கூட்டமாக நிற்பது வடக்கே கிலாலா சமவெளிப் பக்கம். விளம்பரப் படங்களில் வருவது பெரும்பாலும் இந்தப் பகுதிதான்.

படகுத்துறை இருப்பதோ தெற்கே, இஹேமா ஏரியில். ஆக, ஒரே நாளில் வடக்குச் சமவெளியையும் பார்த்து மாலைப் படகிலும் ஏற வேண்டுமானால் வந்த பாதை முழுவதையும் திரும்ப ஓட்ட வேண்டும். மாலை 6 மணிக்குள் பூங்காவை விட்டும் வெளியேற வேண்டும். கணக்கு உதைக்கிறது. டிரைவருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் அவர் வடக்கே போகவே மாட்டார். தெற்கிலேயே ஏரியோரமாக வளைந்து வளைந்து சுற்றிவிட்டு, “இன்றைக்கு விலங்கெல்லாம் உள்ளே போய்விட்டது” என்பார். படகு விஷயமும் அப்படியே. அதைப் பூங்காவே குறிப்பிட்ட நேரங்களில் இயக்குகிறது, இருக்கைகளும் கொஞ்சம்தான். முன்பதிவு செய்யாமலே முகவர் “அடக்கம்” என்று எழுதியிருந்தார். துறைக்குப் போனபோது மாலைப் படகு நிரம்பியிருந்தது.

‘பிக் ஃபைவ் உறுதி’ என்பது பாதி உண்மை, அதனால்தான் எளிதாக விற்கிறது. 1934இல் அமைந்த இந்தப் பூங்கா 1994 இனப்படுகொலைக்குப் பிறகு கிட்டத்தட்ட அழிந்தது. நாடு திரும்பிய அகதிகள் மாடுகளோடு உள்ளே குடியேறினார்கள். மாட்டை அடித்த சிங்கங்களை விஷம் வைத்துத் தீர்த்தார்கள். 1997இல் பூங்காவின் பரப்பும் பாதிக்கு மேல் குறைக்கப்பட்டு, இன்று சுமார் 1,120 சதுர கிலோமீட்டராக இருக்கிறது. 2010இல் ஆப்பிரிக்கன் பார்க்ஸ் அமைப்பும் ருவாண்டா வளர்ச்சி வாரியமும் சேர்ந்து நிர்வாகத்தை ஏற்றன. 2013இல் மேற்கு எல்லையில் சுமார் 120 கிலோமீட்டருக்கு மின்வேலி போடப்பட்டது. 2015இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து 7 சிங்கங்கள் வந்தன. 2017இல் 18 கருப்புக் காண்டாமிருகங்கள், 2021இல் 30 வெள்ளைக் காண்டாமிருகங்கள், 2025இல் மேலும் 70. யானையும் காட்டெருமையும் சிறுத்தையும் முன்பே இருந்தவை. ஆக ஐந்தும் அங்கே வாழ்கின்றன என்பதில் பொய்யில்லை.

ஆனால் கருப்புக் காண்டாமிருகம் தழை மேயும் விலங்கு, புதரை விட்டு வெளியே வருவதே அபூர்வம். காண்டாமிருகம் எங்கே நிற்கிறது என்பதை வேட்டைக்காரர் பயத்தால் பூங்கா யாரிடமும் சொல்வதில்லை, டிரைவரிடமும்தான். சிறுத்தைக்கு இரவுச் சுற்றுதான் கொஞ்சமாவது வழி. அதையும் பூங்காவின் வண்டியில், பூங்காவின் கைடோடுதான் போக முடியும். மாலையே கிகாலி திரும்பும் திட்டத்தில் அதற்கு இடமே இல்லை. “பாதையை விட்டு இறங்கிப் பக்கத்தில் கூட்டிப்போகிறேன்” என்று ஆசை காட்டினால் சம்மதிக்காதீர்கள், அது விதிமீறல். ஐந்தையும் உறுதி என்று எழுதித் தருகிறவர் உங்கள் காதில் பூ சுற்றுகிறார்.

வண்டி விஷயத்தில் லேண்ட் க்ரூசர் என்று சொல்லிவிட்டு டொயோட்டா ரேவ்4 அனுப்புவது கிகாலியில் சாதாரணமாக நடக்கிறது. காய்ந்த பாதையில் அது ஓடும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கூரை திறக்காது, பின்சீட்டில் நடுவில் மாட்டியவருக்கு அடுத்தவரின் தோள்தான் காட்சி. இதில் ஏசி வேலை செய்யாவிட்டால் நரகம். தெற்குக் காட்டுப் பாதையில் செட்சே ஈக்கள் வண்டியைத் துரத்திக்கொண்டே வரும். கண்ணாடியை ஏற்றினால் வேகும், இறக்கினால் துணிக்கு மேலேயே கடிக்கும். கருநீலமும் கருப்பும் அவற்றைச் சுண்டி இழுக்கும் நிறங்கள், ஜீன்ஸ் போட்டுப் போகாதீர்கள். முகவர் இதையெல்லாம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

‘எல்லாக் கட்டணமும் அடக்கம்’ என்பதில் இரண்டு தந்திரம். ருவாண்டா குடிமக்கள், கிழக்கு ஆப்பிரிக்க நாட்டவர், அங்கே வசிக்கும் வெளிநாட்டவர், வெளியிலிருந்து வருபவர் என்று நுழைவுக் கட்டணத்தில் பல வகை உண்டு. குறைந்த வகையில் உங்களைக் கணக்கிட்டுவிட்டு, வாயிலில் பாஸ்போர்ட் பார்க்கும்போது வித்தியாசத்தை உங்களிடமே கேட்பார்கள். இது ஒன்று. ‘கைடு அடக்கம்’ என்பது இன்னொன்று. டிரைவர்தான் அந்தக் கைடு. சுற்றுவட்டாரத்து மக்களில் பயிற்சி பெற்ற சமூகக் கைடுகள் வாயிலிலேயே அரைநாளுக்கோ முழுநாளுக்கோ கிடைக்கிறார்கள். பணத்தை வீணாக்காத ஒரே செலவு அதுதான் என்பது எங்கள் கருத்து. எந்த மரத்தடியில் எந்நேரம் எது நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நடக்கக்கூடிய திட்டம் இது. முதல் நாள் நிதானமாகக் கிளம்பி மதியத்துக்குள் தெற்கு வாயில் சேருங்கள். மாலைப் படகைப் பூங்காவிடமே முன்கூட்டிப் பதிவு செய்யுங்கள். இரவு தெற்கே தங்குங்கள், கூடாரமோ விடுதியோ கையிருப்பைப் பொறுத்து. மறுநாள் 6 மணிக்குச் சமூகக் கைடுடன் வடக்கே கிளம்பினால் மதியத்துக்குள் சமவெளி வந்துவிடும், நியுங்வே வாயிலில் வெளியேறலாம். (வரைபடச் செயலியில் ‘நியுங்வே’ என்று மட்டும் தட்டினால் நாட்டின் தென்மேற்கு மூலையில் இருக்கும் நியுங்வே மழைக்காட்டுக்கு வழிகாட்டும்!) டீசலோ பெட்ரோலோ கயோன்சாவிலேயே நிரப்பிவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை புல் குட்டையாக இருக்கும், விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும். மார்ச் முதல் மே வரை ‘சீசன் தள்ளுபடி’ என்று கூப்பிடுவார்கள். அப்போது கனமழை, புல் ஆளுயரம், சேற்றில் சக்கரம் சிக்கும்.

ஒருநாள்தான் இருக்கிறது என்றால் அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பி 6 மணிக்கு வாயிலில் நில்லுங்கள். படகை மறந்துவிட்டு நேராக வடக்கே போய் அந்த வழியே வெளியேறுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாத முகவர் வேண்டாம்.

அட்வான்ஸ் அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேளுங்கள்: வண்டியின் மாடல், பதிவெண், உட்புறப் படம்; ஏசி ஓடுகிறதா; எத்தனை மணிக்கு வாயிலில் இருப்போம்; எந்த வாயிலில் வெளியேறுவோம்; படகின் முன்பதிவு ரசீது. வண்டிக்கும் டிரைவருக்கும் எரிபொருளுக்கும் மட்டும் முகவரிடம் விலை பேசி, நுழைவு, படகு, கைடு மூன்றையும் நீங்களே பூங்காவிடம் கட்டுங்கள். கட்டணப் பட்டியல் பூங்காவின் இணையதளத்தில் இருக்கிறது, வாயிலில் கார்டும் ஏற்கிறார்கள். நாங்கள் படகுப் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “விலங்கு வருவதும் வராததும் இயற்கையின் கையில்” என்று பதில் வந்தது. கேட்டது படகைப் பற்றி.