மேசைக்கு 540 டொலர் கட்டிவிட்டு வாசலில் நின்றோம்: ஒர்லாண்டோ போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கடந்த சனிக்கிழமை மாலை 6.20 மணிக்கு, என் அப்பாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்காக, புளோரிடாவில், டிஸ்னியின் எப்கொட் பூங்காவில் உள்ள ஓர் உணவகத்தில் ஒரு மேசை எங்கள் ஐந்து பேருக்கும் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்காக நான், மேசை பிடித்துத் தருவதாகச் சொன்ன ஓர் இணையத்தளத்துக்கு 540 அமெரிக்க டொலரை ஏழு வாரங்களுக்கு முன்பே கட்டியிருந்தேன். மேசை இல்லை. காசும் இல்லை. இன்று வெள்ளிக்கிழமை, இந்த ஆறு நாட்களில் அந்தத் தளத்திடமிருந்து எனக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு முறைப்பாட்டு எண்ணும், அடுத்த பயணத்துக்கான இருபது வீதக் கழிவுச் சீட்டும்தான். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் டிசெம்பர் விடுமுறைக்கு ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அதே பூங்காவுக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருக்கின்றன.

முதலில் ஏன் அந்த உணவகம் என்பதைச் சொல்ல வேண்டும். அப்பா 1987இல் ரொறன்ரோவுக்கு வந்தார். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பலருக்கு முதலில் திறந்த கதவு ஏதாவதொரு உணவகத்தின் பின்கதவுதான். அவரும் நகர மையத்தில் இருந்த ஒரு ஸ்டேக் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, மூன்றாம் ஆண்டில் வாட்டும் அடுப்புக்கு முன்னால் நின்று, பதினான்கு வருடங்கள் மற்றவர்களுக்காக இறைச்சி வாட்டினார். இறைச்சி எந்தப் பதத்தில் இருக்கிறது என்பதைப் பெருவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தே சொல்லிவிடுவார். அத்தனை வருடங்களில் ஒருநாள்கூட அப்படியொரு மண்டபத்தில் விருந்தாளியாக அவர் உட்கார்ந்ததில்லை. பேரனோடு எப்கொட் பூங்காவுக்குப் போகிறோம் என்றதும், அங்கே கனடாவுக்கென்று ஓர் அரங்கும், அதற்குள் ஒரு ஸ்டேக் உணவகமும் இருப்பதை அறிந்து, அப்பாவை அங்கே உட்கார வைத்து அழகு பார்க்க வேண்டும் என்று நான் முடிவெடுத்தேன்.

அந்த உணவகத்தின் பெயர் லு செலியே. பிரெஞ்சு மொழியில் நிலவறை என்று பொருள்படும். எப்கொட் 1982 ஒக்டோபர் 1ஆம் திகதி திறந்த நாளிலிருந்தே அது அங்கே இருக்கிறது. தொடக்கத்தில் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நகர்ந்து உணவு வாங்கும் இடமாக இருந்து, பின்னர்தான் மேசைக்கு வந்து பரிமாறும் ஸ்டேக் உணவகமாக மாறியது. ஒட்டாவாவின் ஷட்டோ லோரியே விடுதியை நினைவூட்டும் கட்டடத்தின் அடியில், கல் சுவர்களும் மங்கிய விளக்குகளுமாக, யன்னலே இல்லாத மண்டபம்.

ஒரு மாதம் முழுவதும் அதைப் பற்றிய கருத்துகளை வாசித்தேன். இவ்வளவு பிரபலமான ஓர் இடத்தைப் பற்றி இவ்வளவு எதிரெதிரான கருத்துகளை நான் வேறெங்கும் கண்டதில்லை. செடார் பாற்கட்டியும் பன்றி இறைச்சியும் மூஸ்ஹெட் பியரும் சேர்த்துக் காய்ச்சும் சூப்புக்காகவும், அதில் தோய்த்துச் சாப்பிடும் பிரெட்சல் பாணுக்காகவும் ஒவ்வொரு வருடமும் போகிறோம் என்கிறார்கள் ஒரு சாரார். காளானும் ட்ரஃபிள் வெண்ணெயும் சேர்ந்த ஃபிலே மின்யோன் என்ற மென்மையான மாட்டிறைச்சித் தட்டுக்கு இணையாக அந்தப் பூங்காவில் வேறொன்றும் இல்லை என்பது அவர்களின் முடிவு. மறு சாராரோ, ஃபிலே ஒன்றுக்கே 60 டொலர் அளவில் கேட்கும் இடத்தில் இருட்டும் நெரிசலும்தான் மிச்சம், அதே காசுக்கு வெளியே எந்த நல்ல ஸ்டேக் கடையிலும் இதைவிடப் பெரிய துண்டு கிடைக்கும் என்கிறார்கள். பழைய வாடிக்கையாளர்களின் மனக்குறை இன்னொன்று: 2011இல் இரவு உணவையும் அதன் பின் மதிய உணவையும் உயர்தர வகைக்கு மாற்றியதால், வேளைக் கணக்கில் முன்கூட்டியே காசு கட்டிச் சாப்பிடும் டிஸ்னியின் உணவுத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அங்கே ஒரு வேளைக்கு இரண்டு வேளைக் கணக்குக் கழிகிறது. இதையெல்லாம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இறைச்சி நல்லதெண்டால் அதுக்கு மேல ஏன் பிள்ளை அவ்வளவு சோஸ்?" என்று மட்டும் கேட்டார், ஆனால் போக வேண்டும் என்ற ஆசை அவருடைய முகத்தில் தெரிந்தது.

முன்பதிவு அறுபது நாட்களுக்கு முன்பு திறக்கும். டிஸ்னியின் சொந்த விடுதிகளில் தங்குபவர்கள், வந்து இறங்கும் நாளுக்கு அறுபது நாட்கள் முன்பே, தாங்கள் தங்கும் நாட்களில் பத்து நாட்கள் வரைக்கும் ஒரேயடியாகப் பதிவு செய்துகொள்ளலாம். எங்களைப் போல அருகிலுள்ள கிசிமி நகரில் வீடு வாடகைக்கு எடுப்பவர்கள் ஒவ்வொரு நாளுக்கும் அதற்கு அறுபது நாட்கள் முந்திய காலையில்தான் முயல முடியும். ஓகஸ்டில் ஒருநாள் அதிகாலையிலேயே எழுந்து கணினியின் முன் இருந்தும், ஐந்து பேருக்கு மாலை நேரம் எதுவும் கிடைக்கவில்லை. இந்த இடைவெளியில்தான் மேசை விற்கும் வியாபாரிகள் நுழைகிறார்கள்.

நான் சிக்கியது "கிடைக்காத மேசைகளைப் பெற்றுத் தருகிறோம்" என்று சொல்லும் வகையைச் சேர்ந்த ஓர் இணையத்தளத்தில். ஆளுக்கு 108 டொலர், ஐந்து பேருக்கு 540. அதில் ஆளுக்கு 60 டொலர் உணவுக்கான முற்பணம் என்றும், அது மேசையில் வரும் பற்றுச்சீட்டில் கழிக்கப்படும் என்றும், மிகுதி மட்டுமே சேவைக் கட்டணம் என்றும் எழுதியிருந்தது. ஆகவே ஐந்து பேருக்கும் உண்மையான செலவு 240 டொலர்தான் என்று கணக்குப் போட்டேன். அப்போதும் நான் உடனே கட்டிவிடவில்லை. உரையாடல் பெட்டியில் ஒருவரிடம் கேட்டேன்: இந்த உணவகத்தைப் பற்றி இத்தனை குறைகள் சொல்கிறார்களே, இவ்வளவு கொடுத்துப் போவது சரிதானா?

அவர் எழுதிய பதில்தான் என்னை விழுத்தியது. "உண்மையைச் சொல்வதானால் எல்லோருக்கும் அது பிடிப்பதில்லை. ரிசோட்டோ சோறு சிலருக்குக் கனதியாகத் தெரியும். மண்டபம் இருட்டு, வயதானவர் வருவதென்றால் அவருடைய கண்ணாடியை மறக்காமல் கொண்டு வாருங்கள். சூப்பை மட்டும் தவறவிடாதீர்கள்." விற்க வந்தவர் குறையையும் சேர்த்துச் சொல்கிறாரே, அப்பாவின் கண்ணாடி வரைக்கும் யோசிக்கிறாரே என்று என் மனம் இளகியது. அந்த நிமிடமே கடனட்டை இலக்கத்தைக் கொடுத்தேன். அந்த வரிகள் ஒரு பழைய பயணக் கட்டுரையின் கீழ் யாரோ எழுதிய கருத்திலிருந்து சொல்லுக்குச் சொல் எடுக்கப்பட்டவை என்பதை இந்தத் திங்கட்கிழமைதான் கண்டுபிடித்தேன். ஓகஸ்டில் நானும் அதை வாசித்திருந்தேன் போலும். அதனால்தான் எனக்கு அது அவ்வளவு நம்பகமாக ஒலித்தது. ஸ்டேக்கைப் பற்றி ஒரு மாதம் ஆராய்ந்த நான், அதற்கு மேசை விற்றவரைப் பற்றி அரை மணி நேரம்கூடத் தேடிப் பார்க்கவில்லை.

இரண்டு நாட்களில் உறுதிப்படுத்தும் எண்ணுடன் மின்னஞ்சல் வந்தது. அப்பா அதை அச்செடுத்துத் தரச் சொல்லி, நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை பூங்காவில் நாள் முழுக்க நடந்தபோதும் அந்தப் பையை அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டேயிருந்தார். வாசலில் இருந்த பெண்ணிடம் தாளை விரித்துக் கொடுத்ததும் அவர்தான். அந்தப் பெண் எண்ணைத் தட்டிப் பார்த்தார், மீண்டும் தட்டிப் பார்த்தார், பிறகு மேலாளரைக் கூப்பிட்டார். எண் போலியானதல்ல, ஆனால் அந்தப் பதிவு எங்கள் பெயரில் இருக்கவில்லை, அன்று பிற்பகல் மூன்று மணியளவில் பதிவு செய்த கணக்கிலிருந்தே அது ரத்துச் செய்யப்பட்டும் இருந்தது. முன்பதிவுக்கென்று இங்கே காசு வாங்குவதில்லை, வராமல் விட்டால் மட்டும் ஆளுக்கு 10 டொலர் அட்டையில் பிடிப்போம், உணவுக்கான முற்பணம் என்று எதுவும் எங்களிடம் வந்து சேரவில்லை என்று மேலாளர் பொறுமையாக விளக்கினார். அவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அன்றிரவு காத்திருப்போர் பட்டியலும் மூடப்பட்டிருந்தது.

அந்தப் பத்து டொலர் கணக்கைக் கேட்ட பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு முன்னர் ரத்துச் செய்தால் அந்தப் பத்து டொலரும் பிடிக்கப்படாது. இலவசமாகக் கிடைக்கும் மேசைகளை வெவ்வேறு பெயர்களில் பிடித்து வைத்து, எங்களைப் போன்றவர்களிடம் காசை வாங்கிக்கொண்டு, கடைசி நேரத்தில் ரத்துச் செய்துவிட்டால் அவர்களுக்கு ஒரு சதமும் நட்டமில்லை. நட்டம் முழுவதும் எனக்கு: 540 அமெரிக்க டொலர். நாணய மாற்றும் வங்கிக் கட்டணமும் சேர்ந்து என் கணக்கில் 764 கனேடிய டொலராக விழுந்திருக்கிறது.

"விடு பிள்ளை, காசு போனால் போகட்டும்" என்றார் அப்பா. பூங்காவில் அப்போது உணவு விழா நடந்துகொண்டிருந்தது. கனடாவின் விழாக் கடையில் அதே சூப்பும், சிறிய துண்டாக அதே வகை ஃபிலேயும் கிடைக்கும் என்று மேலாளரே வழி சொல்லிவிட, மகன் ஓடிப்போய் வாங்கி வந்தான். நின்றபடி சாப்பிடும் உயரமான வட்ட மேசையில் காகிதத் தட்டை வைத்து, அப்பா பழக்கத்தில் பெருவிரலால் இறைச்சியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "வாட்டி ஆறவிட்டுத்தான் தந்திருக்கிறாங்கள்" என்றார். அம்மா வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கணவர் பக்கத்தில் கதிரை ஏதாவது கிடைக்குமா என்று தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. எழுபத்தைந்து வயதிலும் அப்பா நின்றபடியேதான் சாப்பிட்டார்.

அன்றிரவே அந்தத் தளத்துக்கு எழுதினேன். அலுவலக நேரம் முடிந்துவிட்டது என்று தானியங்கிப் பதில். ஞாயிறு முழுவதும் ஒன்றுமில்லை. திங்களன்று வேறொரு பெயரில் ஒருவர் வந்து, உணவகம்தான் ரத்துச் செய்தது, அவர்களிடம் கேளுங்கள் என்றார். பதிவு செய்த கணக்கிலிருந்தே ரத்தானதை எழுதியதும், அதை உணவகம் கடிதமாகத் தந்தால் பரிசீலிப்போம் என்றார். செவ்வாயன்று தொலைபேசியில் நாற்பத்தொரு நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு இணைப்பு அறுந்தது. புதனன்று மூன்றாமவர் ஒருவர், எங்கள் வருத்தத்தைப் புரிந்துகொள்வதாகவும் நல்லெண்ணத்தின் அடையாளமாக இருபது வீதக் கழிவு தருவதாகவும் எழுதினார். எனக்குக் கழிவு வேண்டாம், என் 540 டொலர் வேண்டும் என்று பதில் போட்டேன். அதன் பிறகு உரையாடல் பெட்டி எனக்குத் திறக்கவேயில்லை. கணவரின் கைத்தொலைபேசியிலிருந்து திறந்தால் உடனே "வணக்கம், எந்த உணவகத்தில் மேசை வேண்டும்?" என்று கேட்கிறது.

வங்கியிலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பல வாரங்கள் ஆகலாம் என்கிறார்கள். நிபந்தனைகளின் அடியில், கட்டணம் முழுவதும் "மேசை தேடும் முயற்சிக்கானது", திருப்பித் தரப்படாது என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. நான் சம்மதக் குறி இட்டிருப்பதால் வாதாடுவது கடினமாக இருக்கலாம் என்று வங்கி ஊழியர் நேராகவே சொன்னார். முற்பணம் என்று முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில் முயற்சி என்று மாற்றுவது களவு இல்லாமல் வேறென்ன? நியூயோர்க் போன்ற மாநிலங்கள், உணவகத்தின் சம்மதமின்றி மேசைகளை விற்பதற்கு எதிராகச் சட்டம் கொண்டு வந்திருக்கின்றன. நியூயோர்க்கின் சட்டம் 2024 டிசெம்பரில் கையெழுத்தானது. ஆக, இப்படி ஏமாந்தது நாங்கள் மட்டுமல்ல.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. அந்தப் பூங்கா உணவகங்களில் சாதாரண மேசை ஒன்றைப் பதிவு செய்ய யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். டிஸ்னியின் சொந்தச் செயலியில் அது இலவசம். கிடைக்கவில்லை என்றால் முதல் நாளும் அன்று காலையும் திரும்பத் திரும்பப் பாருங்கள், ரத்தாகும் மேசைகள் அப்போதுதான் வெளியே வரும். பதிவு உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் தெரியவில்லை என்றால் அது உங்கள் மேசை இல்லை. கட்டிய பின் கடனட்டைக் கணக்கில் வேறொரு கொம்பனியின் பெயர் விழுந்தால் அன்றே வங்கிக்குச் சொல்லுங்கள். எனக்கு அப்படித்தான் விழுந்தது, நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

அந்த 540 டொலரில் ஒரு டொலராவது திரும்பி வந்தால் இங்கேயே வந்து எழுதுகிறேன்.