அல்பகோர் சூரை பிடிக்க ட்ரோலிங் நல்லதா, உயிர் இரையா?

அமெரிக்காவோட ஓரிகன், வாஷிங்டன் கடல்ல கோடையில 15-18 டிகிரி தண்ணி கரைப்பக்கம் வந்ததும் அல்பகோர் சூரையும் வந்துடும், அதை ரெண்டு விதமா பிடிப்பாங்க.

ட்ரோலிங்னா படகுக்குப் பின்னாடி பத்து பன்னெண்டு கயிறுல ரப்பர் குஞ்சம் வச்ச போலி இரையை சுமார் 6 நாட் (மணிக்கு 11 கிலோமீட்டர்) வேகத்துல இழுத்துட்டே போறது, கொக்கியில எதிர்முள் (மீன் நழுவாம தடுக்கிற பின்பக்க முள்) இருக்காது, டெக்ல விழுந்ததும் சட்டுனு கழட்டிட்டு கயிற திரும்ப விட்டுடலாம். ஆள் ரெண்டு மூணு போதும், இரைச் செலவும் இல்ல, மீன் கூட்டம் எங்கன்னு தேடிக்கிட்டே பிடிக்கலாம். ஆனா டீசல் குடிக்கும்.

உயிர் இரைன்னா தொட்டியில நெத்திலிய சாகாம வச்சு (இதுதான் பெரிய தலைவலி, தண்ணி பம்ப் நின்னா போச்சு), கூட்டத்தைப் பார்த்ததும் அள்ளி வீசி படகுகிட்டயே நிறுத்தி, கம்புத் தூண்டில்ல மளமளன்னு தூக்குறது. கூட்டம் நின்னுச்சுன்னா ட்ரோலிங் இது பக்கத்துலயே வராது. ஆனா ஆள் அதிகம் வேணும், கூட்டம் சிக்கலன்னா நெத்திலி காசு தண்டம்.

ரெண்டுலயும் மேல்தண்ணியில திரியற இளசு மீன்தான் வரும், வேற மீன் மாட்டுறது ரொம்பக் கம்மி. சின்னப் படகுன்னா நான் ட்ரோலிங்தான் சொல்லுவேன். எதுல பிடிச்சாலும் உடனே ரத்தம் வடிச்சு குளிர வைக்கணும், சூரை உடம்பு சூடு ஜாஸ்தி, விட்டா கறி கெட்டுரும்.