மாமாவோடு மினசோட்டா பொருட்காட்சியில் ஒரு நாள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலப் பொருட்காட்சியான ஸ்டேட் ஃபேர் என்றாலே இங்குள்ள நண்பர்கள் எண்ணெயில் பொரித்த ஐட்டங்களாகத்தான் அடுக்குவார்கள். எனக்கும் அது ஒரு பெரிய தீனிக்கடையாகத்தான் தெரிந்திருந்தது. 2023 ஆகஸ்டில் மாமனாரைக் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் இத்தனை வருடம் தப்பான கோடியிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தேன் என்று புரிந்தது.

மாமாவுக்கு அந்தியூர்ப் பக்கம். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் மாட்டுச்சந்தை, குதிரைச்சந்தையை ஒரு வருடமும் விட்டதில்லை. அந்த வருடம் இங்கே வந்ததால் விட்டுப்போய்விட்டது, முகத்தில் அது தெரிந்தது. சரி, ஈடு கட்டுவோம் என்றுதான் கிளம்பினோம். நுழைவுச்சீட்டு எனக்கு 18 டாலர், 65 தாண்டிய அவருக்கு 16. மனதுக்குள் ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துவிட்டு, "சந்தைக்குள்ள போறதுக்கே ரெண்டாயிரத்தி எண்ணூறுங்களா மாப்ள?" என்றார்.

காரை நகருக்குள் எங்கேயோ நிறுத்திவிட்டு இலவசப் பேருந்தில் போவதுதான் புத்திசாலித்தனம். நான் அப்படிச் செய்யவில்லை. பக்கத்துத் தெருவில் ஒருவர் வீட்டுப் புல்வெளியில் நிறுத்தி, அதற்குத் தனியாக 25 டாலர் அழுதேன்.

மொத்தம் 322 ஏக்கர். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் முதல் திங்கள் தொழிலாளர் தினத்தோடு முடியும், 12 நாள். காலை 7 மணிக்குக் கதவு திறந்ததும் நேராக மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுங்கள். எல்லோரும் வாளியில் தரும் குக்கீக்கு வரிசையில் நிற்கும்போது, அங்கே பண்ணைப் பிள்ளைகள் மாட்டைக் குளிப்பாட்டி, சீப்பு போட்டு வாரி, வால் குஞ்சத்தைப் புசுபுசுவென்று உலர்த்திக்கொண்டிருப்பார்கள். கூட்டம் வந்த பிறகு இது கிடைக்காது.

மாமா ஒரு ஹோல்ஸ்டீன் இனப் பசுவைச் சுற்றிச் சுற்றி வந்தார். நெற்றி, முதுகு, தொடை எல்லாம் பார்த்தார். பசுவின் சொந்தக்காரப் பையனுக்குப் பதினைந்து வயது இருக்கும். என்ன தேடுகிறார் என்று என்னிடம் கேட்டான். சுழி பார்க்கிறார், முடிச்சுழி இருக்கிற இடத்தை வைத்துத்தான் எங்கள் ஊரில் மாட்டை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள் என்றேன். சென்னையில் பிறந்து பாக்கெட் பால் குடித்து வளர்ந்தவன் நான், அதற்கு மேல் எனக்கே தெரியாது. அவன் சிரிக்காமல் கேட்டுவிட்டு, இங்கே கறவை மாட்டுப் போட்டியில் 100 மதிப்பெண்ணில் 40 மடிக்குத்தான் என்றான். மடி உடம்போடு எப்படி ஒட்டியிருக்கிறது, காம்பு எங்கே இருக்கிறது என்று குனிந்து காட்டினான். அரை மணி நேரம் நான் மொழிபெயர்ப்பாளன். கடைசியில் மாமா விலை கேட்டார், பழக்கதோஷத்தில் கை தோள் துண்டுக்குப் போனது. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் வழக்கத்தை அந்தப் பையனுக்கு எப்படிச் சொல்வது? விற்பனைக்கு இல்லை என்றதோடு நல்லவேளை முடிந்தது. நடந்துகொண்டே, "திமிலு இல்லாத மாட்ட மாடுன்னே மனசு ஒத்துக்க மாட்டேங்குதுங்க. ஆனா மடி... மடி தானுங்க" என்றார்.

பிரசவக்கொட்டகையைக் கட்டாயம் பாருங்கள். பசு, ஆடு, பன்றி எல்லாம் பார்வையாளர் முன்னாலேயே குட்டி போடும், 12 நாளில் ஏறக்குறைய 200. பெஞ்சு போட்டு, திரையில் வேறு காட்டுகிறார்கள். மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. கன்று போடும்போது இத்தனை கண் பார்க்கக் கூடாதாம். நஞ்சுக்கொடியை எந்த மரத்தில் கட்டுவார்கள் என்று கேட்டார். அவர் ஊரில் அதை வைக்கோலோடு கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். அங்கே இருந்த கால்நடை மருத்துவ மாணவியிடம் இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

பால் கட்டடத்தில், கண்ணாடிக் குளிர்பெட்டிக்குள் கோட்டு போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்க, அவள் முகத்தை 90 பவுண்டு, அதாவது சுமார் 41 கிலோ வெண்ணெய்க் கட்டியில் செதுக்குகிறார்கள். பெட்டி மெல்லச் சுழலும். மாநிலப் பால்பண்ணை இளவரசிப் போட்டியில் கடைசிச் சுற்றுக்கு வந்த எல்லோருக்கும் இந்த மரியாதை உண்டு. லிண்டா கிறிஸ்டென்சன் என்ற சிற்பி 2021 வரை ஐம்பது வருடம் இதைச் செய்தாராம். சிலையை அந்தப் பெண்களே வீட்டுக்குக் கொண்டுபோகலாம், ஊர் விருந்தில் சோளத்துக்குத் தடவித் தீர்ப்பவர்களும் உண்டு. இதைக் கேட்ட பிறகுதான் மாமாவுக்கு நிம்மதி.

விதை ஓவியங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடுகளவு விதைகளை ஒட்டியே ஆள் முகம் வரைந்திருக்கிறார்கள். டிராக்டர் பார்க்கலாம் என்று 'மெஷினரி ஹில்' போனால் பாதி இடத்தில் கார் நிற்கிறது, விட்டுவிடலாம்.

சாப்பாடு சுமார்தான். சைவம் தேடிய எங்களுக்குச் சுட்ட சோளமும், சீஸ் கர்ட் என்ற பொரித்த பாலாடைக்கட்டித் துண்டுகளும்தான் கதி. ஒரு கடையில் ஆறிப்போன கர்டை மறுபடி எண்ணெயில் போட்டுக் கொடுத்தார்கள், மூன்று நாள் நெஞ்செரிச்சல். சோளத்தைக் கடித்த மாமா, "சக்கரைத் தண்ணீல ஊற வெச்சாங்களா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தன் அப்பா எடுத்த படங்களைப் பார்க்க என் மனைவி ஆசையாகப் போனை வாங்கினாள். மொத்தம் 86 படம். வெண்ணெய்ச் சிலை ஒன்று, நான் அரைகுறையாக ஒன்றில். மீதியெல்லாம் பசுமடி.