வளவில் பழைய லொறி இஞ்சின் வைத்திருப்பவர்கள் கவனம்

கிளிநொச்சி, பரந்தன், விசுவமடுப் பக்கம் வீட்டு வளவில் பழைய லொறி இஞ்சின் கிடக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். பழைய இஞ்சின் எடுக்கிறோம் என்று இரண்டு பேர் ஒரு கன்டர் வாகனத்தில் வீடு வீடாக வருகிறார்கள். போன மாதம் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். அரைத் தொன்னுக்குக் கிட்ட நிறையுள்ள இஞ்சினை 42,000 ரூபாவுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அதோடு லொறியின் பதிவுப் புத்தகமும் போய்விட்டது.

அப்பா பழைய சிறி இலக்கத் தகடு போட்ட பெட்போர்ட் லொறி வைத்திருந்தவர். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு வவுனியாவில் பேர்கின்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பனியின் டீசல் இஞ்சின் ஒன்று வாங்கி அதில் பூட்டினார். இஞ்சின் மாற்றியதைப் பதிவுப் புத்தகத்திலும் ஏற்றினார். அந்த விஷயத்தில் அவர் மிகவும் கவனம். 2008இல் ஷெல் பட்டு லொறியின் கபின் எரிந்து, அடிச்சட்டமான சசியும் வளைந்து போனது. இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடம்பெயர முதல் அதைக் கழற்றி, முழுக்கக் கிரீஸ் பூசி, திறந்திருந்த வாய்களுக்கெல்லாம் பூவரசங் கட்டையில் அடைப்பான் செதுக்கி அடித்து, பொலித்தீனால் சுற்றி, மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் குழி வெட்டித் தாட்டார். 2010இல் செட்டிகுளம் முகாமில் இருந்து திரும்பி வந்த கிழமையே தோண்டி எடுத்தார். பிறகு இன்னொரு லொறி வாங்க வசதி வரவில்லை. அப்பா காலமாகி நாலு வருடம். இஞ்சின் கொட்டிலுக்குள் தறப்பாளுக்குக் கீழே அப்படியே இருந்தது.

வந்தவர்களில் மூத்தவர் நல்ல மரியாதையாகக் கதைத்தார். தறப்பாளை விலக்கியதும் முதல் வேலையாக ஒரு துணியை டீசலில் நனைத்து, இஞ்சின் உடம்பான புளொக்கில் ஓரிடத்தை மட்டும் துடைத்து, கைபேசியில் படம் எடுத்தார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அங்கேதான் இலக்கம் அடித்திருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

படம் எடுத்து முடிய, "அம்மா, இது பீ-6. வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். பார்ட்ஸ் ஒண்டும் வராது" என்றார். பீ-6 என்பது பேர்கின்ஸின் பழைய மொடல் ஒன்று. பிறகு ஒரு சின்ன ஸ்பனரை எடுத்து இஞ்சினின் முன்பக்கம் பெல்ற் ஓடும் சில்லில் போட்டு ஒற்றைக் கையால் இழுத்தார். அசையவில்லை. "பாருங்கோ தம்பி, இறுகிப் போச்சு. இரும்பு விலைதான்" என்றார். மற்றவர் அதற்குள் அடைப்பான்களைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்துகொண்டிருந்தார். அப்பாவின் கை பட்ட கட்டைகள் அவை. அப்போதே நான் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்.

ஏற்றி முடிந்த பிறகுதான் புத்தகத்தைக் கேட்டார்கள். "வழியில பொலிஸ் மறிச்சா காட்ட வேணும், நாளைக்கே கொண்டு வந்து தாறம்" என்றார்கள். அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டார். அடுத்த நாள் அவர்கள் தந்த கைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் வேலை செய்யவில்லை.

இரண்டு நாள் கழித்து அப்பாவின் கணக்குக் கொப்பியை எடுத்துக்கொண்டு பரந்தனில் ஒரு கராஜுக்குப் போனேன். அங்கே இருந்த வயதான மெக்கானிக் ஐயா, அப்பா எழுதி வைத்திருந்த இஞ்சின் இலக்கத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். அது 354 என்று தொடங்கி, அடுத்து யூ என்ற எழுத்து. "தம்பி, இது பீ-6 இல்லை. இது 6.354" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். பேர்கின்ஸின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது: 6 சிலிண்டர், 354 கன அங்குலம், அதாவது 5.8 லீற்றர். பீ-6 என்பது 1930களின் கடைசியில் வந்தது, 4.7 லீற்றர். 6.354 வந்தது 1960இல். இரண்டும் ஆறு சிலிண்டர், இரண்டிலும் பிஸ்டன் ஓடும் தூரம் 5 அங்குலம். ஆனால் போர், அதாவது சிலிண்டர் துளையின் அகலம், பீ-6இல் 3.5 அங்குலம், 6.354இல் அதைவிடப் பெரிசு, 98 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். சிலிண்டர்களுக்கு மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி அளந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கழற்றாமலே இலக்கம் சொல்லிவிடும்: 1974க்கு முந்தியது என்றால் 354 என்றே தொடங்கும், பிந்தியது என்றால் முதல் எழுத்து ரி. யூ என்பது இங்கிலாந்தில் செய்தது என்பதற்கு. 1974க்குப் பிந்தியதில் கடைசி எழுத்து வருடத்தைச் சொல்லும், ஏ என்றால் 1974, பீ என்றால் 1975.

இறுகிய கதையும் பொய்தான். டீசல் இஞ்சினில் எண்ணெய் பீச்சும் நொசில்களைக் கழற்றாமல் சின்ன ஸ்பனரால் ஒற்றைக் கையில் இழுத்தால் நல்ல இஞ்சினும் சுற்றாது. உள்ளே காற்று அமுங்கித் தடுக்கும். ஆறு நொசிலையும் கழற்றி, உள்ளே கொஞ்சம் ஒயில் விட்டு, ஒரு நாள் வைத்து, நீளமான கம்பி போட்டுச் சுற்றிப் பார்த்த பிறகுதான் இறுகியதா இல்லையா என்று சொல்லலாம்.

விலையைப் பற்றி ஐயா சொன்னதுதான் எனக்கு மிகவும் வலித்தது. கொப்பியில் "கிராங் 10" என்று அப்பா எழுதியிருந்தார். கிராங் என்பது பிஸ்டன்கள் சுற்றும் தண்டு, 10 என்பது அதில் அரைத்தெடுத்த அளவு, அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து. கிராங்கை 10, 20, 30 என்று மூன்று தரம் அரைக்கலாம், அதற்குப் பிறகு கிராங் முடிந்தது. அப்பாவினது ஒரு தரம்தான் அரைத்தது, இன்னும் இரண்டு மிச்சம். சிலிண்டருக்கு உள்ளுறையான லைனரை மாற்றிக்கொள்ளலாம். ஓடாவிட்டாலும் கிராங், ஹெட், டீசல் பம்ப் தனித்தனியாகவே விலை போகும். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து பழைய லொறிக்காரர் தேடித் தேடி எடுத்த சாமான்கள் இவை. "நானே ஒண்டரை லட்சத்துக்கு எடுத்திருப்பன்" என்றார்.

புத்தகம் அதைவிடப் பெரிய தலையிடி. எரிந்துபோன லொறியின் புத்தகத்தை வேறொரு லொறிக்குப் பொருத்தி ஓட விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எங்காவது அடிபட்டால் பொலிஸ் வந்து நிற்கப்போவது அப்பாவின் பெயரைத் தேடி, எங்கள் படலையில். முறைப்பாடு பதிந்திருக்கிறோம். மோட்டார் வாகனத் திணைக்களத்துக்கும் எழுதியிருக்கிறோம். உங்களிடம் கேட்டால் போட்டோக் கொப்பிகூடக் கொடுக்க வேண்டாம். விற்கிறதென்றால் இஞ்சினுக்கு மட்டும் எழுத்தில் ரசீது எழுதுங்கள், வாங்குகிறவரின் அடையாள அட்டையைப் படம் எடுத்து வையுங்கள். அவர்கள் துடைக்க முதல் நீங்களே இலக்கத்தைத் துடைத்து எழுதி வையுங்கள்.

எங்கள் இஞ்சினைக் கண்டால் தெரியும். பச்சைப் பெயின்ற், வலப்பக்கக் காலில் பித்தளையால் ஒட்டிய நீள வெடிப்பு. அடைப்பான்கள் ஒன்பதில் எட்டை முற்றத்தில் பொறுக்கி எடுத்துவிட்டேன். மற்றது இன்னும் தண்ணீர் வாயில் இறுகி இருக்கும், பூவரசங் கட்டை, தலையில் கத்தியால் போட்ட புள்ளடி. கராஜிலோ இரும்புக் கடையிலோ பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள். கொடுத்த விலைக்கு மேல் தந்தாவது திரும்ப எடுக்க அம்மா தயாராக இருக்கிறார்.